கன்னத்தில் ஒட்டிய மண்

அவரை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது அவருடைய இடது கன்னம்தான். அதில் எப்போதும் மண் ஒட்டியிருக்கும். காலையில் குளித்து, திருநீறு பூசி, சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டுக்கொண்டு வருவார். பத்து மணிக்குள் கன்னத்தில் மண் வந்துவிடும். வேலை நடக்கும் இடத்தைப் பொறுத்து அது செம்மண்ணாக இருக்கும், மணலாக இருக்கும், நிலக்கரிச் சுரங்கத்துப் பக்கமாகப் போயிருந்தால் சாம்பல் நிறக் களிமண்ணாகவும் இருக்கும். அந்தக் கன்னத்தைப் பார்த்தே அன்றைக்கு அவர் எங்கே படுத்து எழுந்தார் என்று என்னால் சொல்ல முடியும்.

ஆமாம், படுப்பார். குழாய் பதிக்கும் பள்ளத்தின் ஓரத்தில் வயிற்றை அழுத்திக் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாயின் முதுகைப் பார்ப்பார். அளப்பதற்குக் கருவி இருந்தது. அதை முறையாக நிறுத்தி அளந்து முடித்த பிறகுதான் படுப்பார்.

"மெஷின் சொல்றத நம்பறனுங்க அம்மிணி. இருந்தாலும் ஒருக்கா கண்ணுலயும் பாத்துக்கோணும்."

அவர் கோபிப் பக்கத்துக்காரர். குழாய் பதிக்கும் ஒப்பந்தக்காரரிடம் சைட் இன்ஜினியர். வேலையாட்கள் அவருக்கு ரசமட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கொத்தனார்கள் சுவரின் மேல் வைத்துப் பார்க்கும், நடுவில் நீர்க்குமிழி ஓடும் கட்டை அது. "ரசமட்டம் வந்துகினு இருக்குது, ஒழுங்கா நில்லுடா" என்று அவர் காதுபடவே சொல்வார்கள். அவருக்கு அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

அந்த வேலைக்கு நான் எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரியை முடித்ததும் நான்தான். எம்.எஸ்சி. விலங்கியல். கம்மாபுரம் பக்கத்தில் எங்கள் ஊர், ஊருக்குக் கடைசியில் எங்கள் தெரு, தெருவுக்குக் கடைசியில் எங்கள் வீடு. அம்மா நாற்று நட்டும் களை பறித்தும் என்னைப் படிக்க வைத்தாள். சென்னையில் இருந்த ஒரு சிறிய நிறுவனம், ஓடையைக் கடந்து போகப்போகும் ஒரு குடிநீர்க் குழாய்க்காக, தோண்டுவதற்கு முன் அந்தப் பாதையில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று பார்த்து எழுத உள்ளூரில் ஆள் தேடியது. நான் சேர்ந்தேன். கழுத்தில் அடையாள அட்டை. அதைப் பேருந்திலும் கழற்ற மாட்டேன். தினமும் இஸ்திரி போட்ட சுடிதார், வெள்ளைத் துப்பட்டா. ஓடைக்கரையில் நடக்கிறவளுக்கு எதற்கு வெள்ளைத் துப்பட்டா என்று கேட்பார்கள். முழங்கால் சேற்றில் என் அம்மா நின்றது போதும் என்பதற்காகத்தான்.

மந்தாரக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளம் எங்களுக்கு ஆபீஸ். மாடியில் இந்த இன்ஜினியர் தங்கியிருந்தார். முதல் நாள் எங்களைப் பார்க்க வந்தவர், வணக்கம் சொன்ன கையோடு எங்கள் பாத்ரூமுக்குள் போய், ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது எந்தப் பக்கம் போகிறது என்று குனிந்து பார்த்தார். தண்ணீர் மூலையில் தேங்கி நின்றது.

"பாருங்க, கட்டுனவன் சரிவே குடுக்கல. இந்த வூட்டுல கொசு இருக்குமே?"

"இருக்குது சார்."

"இருக்கத்தானுங் செய்யும்" என்று மிகுந்த வருத்தத்தோடு சொல்லிவிட்டு, வந்த வேலையைப் பேசாமலே மாடிக்குப் போய்விட்டார்.

உலகத்தில் எது கெட்டுப்போனாலும் அவருக்கு அது சரிவில் நேர்ந்த பிழைதான். டீக்கடையில் பெஞ்சு ஆடினால் டீயை விட்டுவிட்டுக் காலுக்குச் சில்லு தேடுவார். இட்லித் தட்டில் சாம்பார் ஒரு பக்கமாக ஒதுங்கினால் தட்டைத் தூக்கி மேசையைப் பார்ப்பார். சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் அவர் மச்சான் பால் காய்ச்சிக் குடியேறிய அன்று, ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க இவர் கொல்லைப்புறத்துச் சாக்கடை வழியே நடந்து பக்கத்து பிளாக் வரைக்கும் போய்விட்டாராம்.

எங்கள் தெருவுக்கு அவர் வந்த கதையை அம்மா இன்றைக்கும் சொல்வாள். குழாய் முடிகிற கடைசி இடத்தைப் பார்க்க, யாரிடமும் சொல்லாமல் ஒரு மத்தியான வெயிலில் வந்திருக்கிறார். எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே குப்புறப் படுத்துவிட்டார். தூரத்து அடிபம்பிலிருந்து குடம் தூக்கிக்கொண்டு வந்த அம்மா பார்த்தாள். பெல்ட்டு போட்ட ஆள், அசையாமல் கிடக்கிறார்.

"ஐயோ, யாரோ மயங்கி வுழுந்துட்டாரே!" என்று குடத்தைச் சாய்த்து அவர் தலையில் ஊற்றிவிட்டாள். அந்த வெயிலில் அத்தனை தூரம் தூக்கி வந்த தண்ணீர்.

அவர் பதறி எழவில்லை. ஈரத் தலையோடு அதே இடத்தில் கிடந்து, தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்திருக்கிறார்.

"அக்கா, இங்க தண்ணி மேக்கால ஓடுதுங்க."

"ஓடாம? எங்க வூட்டு வாசல்லருந்து எல்லாமே வெளியதான் ஓடும். உள்ள எது வருது?"

அவர் எழுந்து உட்கார்ந்து தலையைத் துடைத்துக்கொண்டு சொன்னாராம்: "வருங்க அக்கா. நடுவுல மேடு விட்டுப்போட்டா குழாய்க்குள்ள காத்து அடைச்சுக்கும். அப்ப மொத வூட்டுல தண்ணி கொட்டும், கடைசி வூட்டுல புஸ்ஸுன்னு காத்துதான் வரும். மேடு விடாமப் போட்டா வந்தே தீரும். கடைசி வூட்டுல வந்தாத்தானுங்க அது குழாய்."

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "யாருடி அந்தப் படுத்துக்கற சாரு?" என்பதுதான்.

இப்படிப்பட்ட மனிதரோடு எனக்குச் சண்டை வந்தது. ஒரு மீன்கொத்தியால்.

குழாய் ஓடையைக் கடக்க வேண்டிய இடத்தில் கரை சுவர் போலச் செங்குத்தாக நின்றது. அதன் அடியில் ஒரு மணல் திட்டு. திட்டிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கரை மண்ணில் ஒரு வளை. வாயில் வெள்ளை எச்சம் வழிந்திருந்தது. கிட்டப்போனால் மீன் நாற்றம். வளையின் வாசலில், கால்கள் உரசி உரசித் தேய்ந்த இரண்டு கோடுகள். வெண்மார்பு மீன்கொத்தி. உள்ளே குஞ்சுகள் இருந்தன. தாய் மீனைக் கவ்விக்கொண்டு நுழைவதையும் வெறும் வாயோடு வெளியே வருவதையும் நான் காலை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். குஞ்சுகள் பறக்கும்வரை அங்கே தோண்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்தேன்.

எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நின்றது. அந்தக் குழாயின் கடைசி முனையில் என் அம்மாவின் குடம் இருந்தது. அப்போது கோடை. ஓடையில் முழங்காலளவுதான் தண்ணீர். மழை பிடித்துக்கொண்டால் ஓடையைத் தோண்ட முடியாது, அடுத்த வருடம்தான். அதெல்லாம் தெரிந்தேதான் எழுதினேன். கண்ணால் பார்த்ததை எழுதத்தான் என்னைப் படிக்க வைத்தாள் அவள்.

தோண்டுவதாக இருந்த அன்று காலை ஒப்பந்தக்காரரின் மேனேஜர் காரில் வந்து இறங்கினார். என் தாளைப் பார்த்தார். வளையைத் தூரத்திலிருந்து பார்த்தார்.

"எலி வளைம்மா இது. எலிக்கெல்லாம் ரிப்போர்ட் எழுதினா வேலை நடக்குமா?"

"எலி இல்ல சார். மீன்கொத்தி. உள்ள குஞ்சு இருக்கு."

"உள்ள போய்ப் பாத்தியா?"

ஜேசிபி கரையின் மேலே வந்து நின்று, இரும்புக் கையைத் தூக்கியிருந்தது. நான் இன்ஜினியரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிய வேண்டும் என்ற அவசரம் எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான். "ஏனுங்க அம்மிணி, குழாய் ஓடைய தாண்டற நேரத்துல குறுக்க வந்து நிக்கறீங்களே" என்று முந்தின நாள்தான் என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தார்.

இப்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "நெசமாவுங்களா?"

"நீங்களே பாத்துக்குங்க சார்."

அவ்வளவுதான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையிலிருந்து இறங்கினார். மணல் திட்டில் குப்புறப் படுத்து, செல்போன் டார்ச்சைப் போட்டு, முகத்தை வளை வாசலில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் ஊர்ப் பக்கத்தில் மட்டும்தான் நடக்கும். சுரங்கத்துக்கு நிலம் எடுப்பதில் தகராறு ஓயாத ஊர்கள் இவை. மெஷினுக்கு முன்னால் ஒரு ஆள் படுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. ரோட்டிலிருந்து பார்த்தால் ஜேசிபியின் மண் அள்ளும் தொட்டி தெரியும், அதற்கு நேர் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள் தெரியும். வேறொன்றும் தெரியாது. போய்க்கொண்டிருந்த டவுன் பஸ் நின்றது.

"யாருப்பா படுத்துகினு இருக்கறது?"

"கம்பெனி இன்ஜினியராம்டா!"

"கம்பெனிக்காரனே படுத்துட்டானா? அப்ப வெவகாரம் பெருசுதான்."

"டேய், பஞ்சாயத்துக்குப் போன் போடு!"

வயலில் நின்றவர்கள் வந்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கினார்கள். ஜேசிபி ஓட்டுகிறவர் நமக்கு ஏன் வம்பு என்று இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போய் பீடி பற்ற வைத்தார். மேனேஜர் "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, போங்கப்பா" என்று சொல்லச் சொல்ல, கூட்டம் அப்படியெல்லாம் ஏதோ இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டது. ஒரு பெரியவர் இறங்கி வந்து, துண்டை மணலில் விரித்து, இவருடைய கால்மாட்டில் உட்கார்ந்தார். சுரங்க விரிவாக்கத்தில் வீட்டையும் நிலத்தையும் கொடுத்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருப்பவர் என்று பிறகு சொன்னார்கள்.

"எந்திரிக்காத சார். நாங்க இருக்கறோம்" என்றார்.

வளைக்குள் முகத்தை வைத்திருந்தவருக்கு இது எதுவும் கேட்கவில்லை. வெகுநேரம் அசையாமல் கிடந்தார். பிறகு புருவத்தில் வெள்ளை எச்சத்தோடு தலையைத் தூக்கினார். முகம் முழுக்கச் சிரிப்பு. சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம் கூட வரவில்லை. சொல்வதற்கு ஆள் கிடைத்த சந்தோஷம்தான்.

"இது எலி இல்லீங்க. சரிவு குடுத்திருக்குது!"

யாருக்கும் புரியவில்லை.

"வாசல் தாழ இருக்குதுங்க, உள்ள போகப் போக மேல ஏறுது. குஞ்சு இருக்கற எடம்தான் ஒசரம். உள்ள இருக்கற அழுக்குத் தண்ணி தானா வெளிய வந்துரும். மழைத் தண்ணி உள்ள போகாது. எலி தோண்டுனா கோணல்மாணலாப் போகும். இது மட்டம் பாத்துத் தோண்டுனது. என்ற ஆளுங்க ஒருத்தனுக்கு இந்தச் சுத்தம் வராதுங்க."

பெரியவர் கேட்டார்: "அப்ப நீ படுத்தது நெலத்துக்கு இல்லியா?"

"இல்லீங்கய்யா. மீன்கொத்திக்கு."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. "மீங்கொத்திக்கு மறியலாம்டா!" என்று ஒருவன் கத்தினான். பெரியவர் சிரிக்கவில்லை. துண்டை எடுத்து மணலை உதறினார்.

"எங்க வூட்ட இடிக்கறப்ப ஒருத்தனும் இப்பிடித் தலைய வுட்டு உள்ள யாரு இருக்கறாங்கன்னு பாக்கல சார்."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த இடிப்புக்கும் எங்கள் இன்ஜினியருக்கும் சம்பந்தமில்லை, அப்படிச் சொல்லியிருக்கலாம். அவர் எழுந்து நின்று, சட்டையில் ஒட்டிய மணலோடு, "பாத்திருக்கோணுங்க" என்றார். பெரியவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறிப் போனார்.

கூட்டம் கலைந்ததும் மேனேஜர் கத்தினார். இன்ஜினியர் காது கொடுத்து முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பக்கமும் மொதல்ல போட்டுட்டு வந்தர்றனுங்க. ஓடைய கடைசியா வெச்சுக்கலாம்."

"மழை வந்துட்டா?"

"நான் பதில் சொல்லிக்கறனுங்க."

"வேலை போயிடும்யா."

"தெரியுங்க."

அம்மாவிடம்தான் அவரால் அவ்வளவு சுலபமாகப் பேச முடியவில்லை. எங்கள் தெருவில் குழாய்ப் பள்ளம் தோண்ட வந்தவரை அவள் வழியிலேயே நிறுத்தினாள். "என் கொடத்துத் தண்ணிய தலையில வாங்கிகினு, இப்ப மீங்கொத்திக்கு வக்காலத்து வாங்கறியா சாரு? இவ சின்னப் பொண்ணு, படிச்ச திமிருல எழுதிட்டா. நீ பெரிய மனுசன்தானே? மழை வந்துச்சின்னா இன்னொரு வருசம் நான் செமக்கணுமே."

"சின்னப் பொண்ணு சரியாத்தானுங்க எழுதியிருக்குது அக்கா" என்றார் அவர். என் அம்மாவுக்கு முன்னால் என்னைப் பற்றி ஒரு இன்ஜினியர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. அம்மா முணுமுணுத்துக்கொண்டே போனாள். ஆனால் திரும்பி வரும்போது அவருக்குக் குடிக்க ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வந்தாள்.

அதன் பிறகு தினமும் மாலையில் அவர் ஓடைக்கு வந்துவிடுவார். நான் எதிர்க்கரையில் பைனாகுலரோடு உட்கார்ந்திருப்பேன். அவர் இந்தப் பக்கம் தள்ளிப் படுத்துக்கொண்டு வளையை ஒரு முறை, வானத்தை ஒரு முறை என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார். மேகம் கருத்தால் பேச மாட்டார். மின்னல் வெட்டினால், "அது தூரத்துல, கடலூர்ப் பக்கம்தானுங்களே?" என்று என்னிடம் கேட்பார், நான் ஆமாம் என்று சொல்லவேண்டும் என்பதற்காக. ஒரு நாள் குஞ்சு ஒன்று வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தபோது, "வெளிய வா சாமி, வேல கெடக்குது" என்று கெஞ்சினார்.

கடைசிக் குஞ்சும் பறந்துபோய் எதிரே கருவேல மரத்தில் உட்கார்ந்ததைப் பார்த்து உறுதிசெய்து நான் கையைத் தூக்கினேன். அவர் ஓடிப்போய் ஜேசிபி ஓட்டுகிறவரை எழுப்பினார். வேலை நடுவில் இருக்கும்போது ஒரு மழை கொட்டத்தான் செய்தது. பள்ளம் நிரம்பியது. மோட்டார் வைத்து இறைத்தார்கள். சேற்றுக்குள் இறங்கி, இரண்டு கன்னத்திலும் மண்ணோடு, அவரே குழாய்க்குத் தோள் கொடுத்ததைப் பார்த்தேன். ஓடை பெருகுவதற்குள் மண்ணை மூடிவிட்டார்கள்.

கரையைத் திருப்பிக் கட்டும்போது ஒன்று நடந்தது. வரைபடத்தின்படி கரையைச் சரிவாக வெட்டி, மேலே கல் பதிக்க வேண்டும். முழுக்க அப்படியே செய்தார், குழாய்க்குச் சற்றுத் தள்ளி ஒரு துண்டு இடத்தைத் தவிர. அங்கே மட்டும் கரை செங்குத்தாக, வெறும் மண்ணாக நின்றது. "இங்க ஏன்யா சரிவு குடுக்கல?" என்று மேனேஜர் கேட்டபோது, "கெட்டி மண்ணுங்க, நிக்கும்" என்றார். வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் சரிவு கேட்ட மனிதர் அவர். எனக்கு மட்டும் புரிந்தது.

எங்கள் தெருவில் தண்ணீர் திறந்துவிட்ட அன்று, முதலில் குழாயில் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. அம்மா குடத்தைக் கீழே வைத்துக்கொண்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். காற்று நின்றது. ஒரு செருமல். பிறகு கலங்கலாக, பிறகு தெளிவாக, கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது. தெருவே கூச்சல் போட்டது. அவர் குழாயைப் பார்க்கவில்லை. வழிந்த தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். குடம் நிரம்பியதும் அம்மா சிரித்துக்கொண்டே ஒரு கை அள்ளி அவர் தலையில் தெளித்தாள்.

அதற்குப் பிறகு அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். சொல்லிக்கொள்ள வந்தபோது நான் ஆபீஸில் இல்லை. பாத்ரூம் மூலையில் மட்டும் சிமென்ட் புதிதாகப் பூசியிருந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். நிற்கவில்லை.

அடுத்த கோடையில் வேறொரு வேலையாக அந்த வழியே போனபோது ஓடைக்கு இறங்கினேன். அவர் விட்டுவைத்த செங்குத்துக் கரையில், அதே ஒரு சாண் உயரத்தில், ஒரு புது வளை. கீழே வெள்ளை எச்சம். அங்கேயே நின்று அவருக்குப் போன் செய்தேன். பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம்.

"சார், வளை போட்டிருக்கு. நீங்க விட்ட எடத்துலதான்."

அவர் கேட்டது ஒன்றே ஒன்று:

"சரிவு குடுத்திருக்குதுங்களா?"

நான் அன்றும் இஸ்திரி போட்ட சுடிதாரில்தான் இருந்தேன். வெள்ளைத் துப்பட்டாதான். பையைக் கீழே வைத்தேன். ஈர மணலில் குப்புறப் படுத்து, கன்னத்தை அழுத்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். வளை மெல்ல, சீராக, மேல் நோக்கி ஏறி இருட்டுக்குள் போனது. உள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது.

"குடுத்திருக்குது சார்."

"அப்பத் தண்ணி நிக்காதுங்க அம்மிணி" என்றார். உடனே அந்தப் பக்கம் யாரையோ, "அடேய், மேடு விடாதடா!" என்று கத்திக்கொண்டே போனை வைத்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக் கொடுத்த கண்டக்டர் என் அடையாள அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, கன்னத்துல மண்ணு ஒட்டிகினு இருக்குது பாரு."

"தெரியுங்க" என்றேன். துடைக்கவில்லை.